கவ்வாத்துக் காணாத கெர்னல்

‘திறந்த மூலம்’ என்ற சொற்றொடர் நம் பல்கலைக்கழக வட்டாரங்களில் இன்று மந்திரம்போல் உச்சரிக்கப்படுகின்றது. உள்ளங்கையில் அடங்கும் கணினிப் பலகையொன்றில் லினக்சை ஏற்றி, மழைமானியொன்றை அதனோடு இணைத்து, “மலையகத்துக்கான மண்சரிவு எச்சரிக்கைக் கருவி” எனக் கண்காட்சியில் வைத்துவிடுவது எளிது. அதன் கெர்னல் கட்டமைப்புக் கோப்பைத் திறந்து, இவ்வரிகள் ஏன் இங்குள்ளன என வினவினால், “பலகையோடு வந்தவை, ஓடுகின்றது, தொடவேண்டாம்” என்பதே மறுமொழி. இம்மறுமொழியை நாம் ஏற்கலாகாது.

கெர்னலின் ஆயிரக்கணக்கான உறுப்புகளுள் எதனை உள்ளே கட்டுவது, எதனைத் தனி மொடியூலாக வைப்பது, எதனை விலக்குவது என்று கூறும் பட்டியலே அக்கோப்பு. பலகையோடு வரும் பட்டியல் எல்லார்க்கும் உதவவேண்டியது. எனவே தொலைக்காட்சி அலைவாங்கிக்கும், ஒலி அட்டைக்கும், விளையாட்டுக் கைப்பிடிக்கும் உரிய இயக்கிகள் அதில் இடம்பெறும். பசறைச் சரிவில் மழை அளக்கும் பெட்டிக்கு விளையாட்டுக் கைப்பிடி எதற்கு?

நினைவகம் மலிவு, இருந்துவிட்டுப் போகட்டும் என்பர். களைந்தால் கருவி விரைவாகத் தொடங்கும் என எதிர்வாதம் செய்வோரும் உளர். அது வலுவற்ற வாதம். 0.2 மி.மீ. வாளி கொண்ட மழைமானி, மணிக்கு 75 மி.மீ. பெய்யும் மழையில் ஏறத்தாழப் பத்துச் செக்கனுக்கு ஒருமுறையே கவிழும். தொடங்குவதற்கு நாற்பது செக்கன் சென்றாலும் இழப்பது நான்கு கவிழ்வுகளே. நம் வழக்கு விரைவைப் பற்றியதன்று, அறிவைப் பற்றியது.

2010ஆம் ஆண்டில் ஏஆர்எம் செயலிகளுக்கான இத்தகைய கோப்புகளின் பெருக்கத்தைக் கண்டு சினந்த லினஸ் டோர்வால்ட்ஸ், அவற்றை அடியோடு நீக்கிவிடப்போவதாக எச்சரித்தார். இயல்புநிலையினின்றும் வேறுபடும் தெரிவுகளை மட்டும் எழுதும் ‘சேவ்டெப்கொன்பிக்’ அவ்வாண்டிலேயே வந்தது; ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட வரிகள் ஒழிந்தன. ஆயினும் அது முற்றம் கூட்டியதே. எழுத்துக் குறைந்ததேயன்றித் தெரிவு எதுவும் மாறவில்லை.

‘லோக்கல்மொட்கொன்பிக்’ என்னும் மற்றொரு கருவி இன்னும் இடர் மிக்கது. அவ்வேளையில் இயங்காத மொடியூல்கள் யாவற்றையும் அது வெட்டிவிடும். செல்பேசி மொடம் செருகப்படாத வேளையில் ஆய்வுகூட மேசையில் அதனை ஓட்டினால், மொடத்தின் இயக்கியும் போய்விடும். பின்னர் மழை ஒழுங்காக எண்ணப்படும்; செய்தி மட்டும் மலையிறங்காது. கவ்வாத்து வெட்டும் தொழிலாளி கண்ணை மூடிக்கொண்டு கத்தி வீசுவதில்லை. எந்தக் கிளை காய்ந்தது, எது அடுத்த கொழுந்தைத் தரும் என்று செடியைப் பார்த்தே வெட்டுகின்றார். பட்டம் பெற்ற நமக்கு அந்த நிதானம் இல்லாதது வெட்கக்கேடு.

செய்தி இறங்காவிடின் நேர்வது யாது? இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தால் விழிப்பு, 100 எனில் ஆயத்தம், 150 எனில் வெளியேற்றம்; ஒரே மணியில் 75 பெய்தாலும் வெளியேற்றமே. இவை தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கைக்கொண்ட அளவுகள். எண் வராத இரவில் லயத்துக்கு எச்சரிக்கையும் வராது. ஊமைப்பெட்டியின் மௌனம் ‘ஆபத்தில்லை’ என்று பொருள்கொள்ளப்படும்.

கருவி ஒன்றே காக்கும் என்று நாம் கூறவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுள் புதையுண்டன. அம்மக்களை இடம்பெயர்க்கவேண்டுமென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அங்கு இல்லாதிருந்தது எச்சரிக்கையன்று. போவதற்கு ஒரு வீடும் காணியும். இக்குறையை எந்தக் கெர்னலும் தீர்க்காது. ஆயினும், சொன்ன எச்சரிக்கைக்கே செவிசாய்க்காத நிர்வாகங்களுக்கு, “எச்சரிக்கையே வரவில்லை” என்ற சாக்கையும் நம் அசட்டையால் வழங்கலாமா?

லினக்ஸ் வெளியாகும் ஜிபிஎல் இரண்டாம் உரிமம் (1991), தொகுத்தலைக் கட்டுப்படுத்தும் நிரல்களையும் மூலத்தின் பகுதியாகவே கொள்கின்றது. பட்டியலை வெளியிட்டாற் போதாது. அது படிக்கத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். மொடம், கடிகாரம், மழைமானியின் துடிப்பு வாயில், கோப்பு முறைமை, உறைந்த இயந்திரத்தை மீளத் தொடக்கும் வொச்டோக் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது ஏன் வேண்டும் என ஒரு வரி தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படவேண்டும். காரணம் எழுத இயலாத வரி நீக்கப்படவேண்டும். நீக்கியபின், மொடத்தைச் செருகி, மேசையிலன்றி மழையில் சோதிக்கவேண்டும். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கையில் இப்பணிக்குக் கொழும்பை எதிர்நோக்க வேண்டியதில்லை.

அடுத்தமுறை ஊவாவுக்கெனக் கருவியொன்று மாணவர் செயற்றிட்டமாக வருமாயின், தேர்வாளர் முதலில் அக்கோப்பைக் கேட்கட்டும். எந்த வரிக்கேனும் காரணம் கூற இயலாதவர்க்குப் புள்ளி வழங்காது திருப்பியனுப்பட்டும்.