எந்த வளியில் சுட்டீர்?

நம் ஆய்வுக்கூடங்களில் ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. மாதிரிப் பொருளைக் குப்பியில் இட்டுக் கொடுத்துவிட்டு வருவோம். சில நாளில் வரைகோடு வந்து சேரும். 'இப்பொருள் இத்தனை பாகையில் சிதைகிறது' என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவோம். எந்த வளியில், எத்துணை விரைவில் சுட்டனர் என்று கேட்பாரில்லை. இது சிறு குறையன்று. பொருளின் இயல்பையே மாற்றிச் சொல்லும் பிழை என்பேன் நான்.

சூடேறும் பொருளின் எடை மாறுவதைத் தொடர்ந்து காட்டுவது வெப்பத் தராசு. ஜப்பானிய அறிஞர் கோட்டாரோ ஹோண்டா 1915இல் அதைப் பற்றி எழுதினார். இன்றும் மாணவர்க்கு அதில் முதற்பாடம் நீரேறிய கால்சியம் ஆக்சலேட்தான். நூறு பங்கில் முதலில் 12.3 பங்கு நீராவியாகப் போகும், பிறகு 19.2 பங்கு கார்பன் மோனாக்சைடு, இறுதியில் 30.1 பங்கு கார்பன் டையாக்சைடு. எஞ்சுவது, நம்மூர்க் காளவாயில் எடுக்கிறார்களே, அதே சுட்ட சுண்ணாம்பு.

எத்துணை ஒழுங்கான கணக்கு! ஆயினும் இரண்டாம் கட்டத்தைப் பாருங்கள். நைட்ரஜனில் சுட்டால் அது வெப்பத்தை உள்வாங்கும். காற்றில் சுட்டாலோ, வெளிவரும் மோனாக்சைடு எரிந்து வெப்பத்தைக் கக்கும். எடையிழப்பு ஒன்றே, வெப்பக் கணக்கு நேர்மாறு. மூன்றாம் கட்டம் இன்னும் வேடிக்கை. கார்பன் டையாக்சைடு சூழ்ந்திருந்தால் சிதைவு ஏறக்குறைய 900 செல்சியஸ் பாகை வரை தள்ளிப் போகும்; நைட்ரஜன் வீசிக்கொண்டிருந்தால் அதற்கு வெகு முன்னரே தொடங்கிவிடும். மூசைக்கு மூடி இட்டாலும், நிமிடத்திற்கு 5 பாகைக்குப் பதில் 20 பாகை ஏற்றினாலும் வரைகோடு நகரும்.

இப்படியிருக்க, வெறும் எண்களை ஒப்பிடுவது எங்ஙனம்? ஒருவர் தம் பலபடிச் சேர்மம் பிறருடையதைவிட 20 பாகை கூடுதலாகத் தாங்குகிறது என்கிறார். அந்த 20 பாகை பொருளின் வலிமையா, அடுப்பின் அவசரமா?

'கருவிக்கு வரிசை நீளம். விவரம் கேட்க நேரமேது?' என்பர் நண்பர் சிலர். வரிசை நீளந்தான், மறுக்கவில்லை. ஆனால் வரைகோட்டுக் கோப்பின் தலைப்பிலேயே பெரும்பாலான விவரங்கள் பதிந்திருக்குமே! மூடி இருந்ததா என்பதை மட்டும் வாய்விட்டுக் கேட்டால் போதும்.

அடுத்த கருத்தரங்கில் யாரேனும் சிதைவு வெப்பநிலை ஒன்றைத் திரையில் காட்டினால், நம் தமிழ் நண்பர் ஒருவர் எழுந்து, 'எந்த வளியில்?' என்று கேட்கட்டும்.