எண்ணி முடித்தாயிற்றாம்!

விண்மீன்களை எண்ணுவது வீண்வேலை என்னும் ஏளனம் நமக்குப் புதிதன்று. அறியாதோர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். கற்றறிந்தோரே, ‘பட்டியல் எழுதியாயிற்று, மீண்டும் எதற்காக எண்ண வேண்டும்? அந்த இரவுகளையும் பணத்தையும் பெரிய காரியங்களுக்குச் செலவிடலாமே’ என்று வாதிடும்போது நாம் வாளாவிருத்தல் தகாது.

சிலி நாட்டில், அட்டகாமா பாலைவனத்தின் தென்கோடியில், ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் லாஸ் கம்பானாஸ் வானாய்வகம் இருக்கிறது. மகெல்லன் மேகங்கள் எனப்படும் இரு சிறு விண்மீன் மண்டலங்களும் அங்கிருந்து நன்கு தெரியும். அவற்றுள் வுல்ஃப்-ராயே வகை விண்மீன்கள் உண்டு. பிறக்கும்போது சூரியனைவிடப் பன்மடங்கு நிறை கொண்டிருந்து, பின்னர்த் தம் மேலாடையைக் கடும் காற்றாக வீசியெறிந்துவிட்டு, வெம்மையான உள்ளுடல் தெரிய நிற்பவை இவை. 1867இல் பாரிசில் இவ்வகையை முதலில் இனங்கண்ட இருவரின் பெயரே இவற்றுக்கு வழங்குகிறது.

பெரிய மகெல்லன் மேகத்தில் இத்தகையவை 134 என்று 1999ஆம் ஆண்டுப் பட்டியல் கூறிற்று. கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றே துறையறிஞர் பலரும் நம்பினர். ஆயினும் பிலிப் மாசி, கேத்ரின் நியூஜென்ட், நிடியா மொரெல் ஆகியோர் மீண்டும் தேடப் புகுந்தனர். அவர்கள் முதலில் நாடியது ஒரு மீட்டர் விட்டமே உடைய ஸ்வோப் தொலைநோக்கியை! மூன்று வடிகட்டிகளின் வழியே வானத்தைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, ஐயத்துக்குரியவற்றைப் பிரித்தெடுத்த பின்னரே, அதே மலையிலுள்ள 6.5 மீட்டர் மகெல்லன் தொலைநோக்கியால் அவற்றின் நிறமாலையைப் பதிவு செய்தனர்.

2014இல் அவர்கள் அறிவித்தது எவரும் எதிர்பாராதது. வுல்ஃப்-ராயே வகைக்குரிய ஒளிக்கோடுகளும், சாதாரண வெப்ப விண்மீனுக்குரிய இருட்கோடுகளும் ஒரே நிறமாலையில் இருந்தன. இரு விண்மீன்கள் இணைந்திருக்கின்றனவோ என்றால், அதற்கேற்ற ஒளி இல்லை. வெப்பமோ ஏறத்தாழ 1,00,000 கெல்வின். காற்று மட்டும் தம் இனத்தாரினும் மெலிந்தது. தேடல் தொடரத் தொடர இத்தகையவை பத்து அகப்பட்டன. மங்கலானவையாகவும் மெல்லிய கோடுகள் உடையவையாகவும் இருந்தமையால் பழைய கணக்குகளுக்குத் தப்பியவை இவை. ‘எண்ணி முடித்தாயிற்று’ என்றவர்களின் சொல்லைக் கேட்டிருந்தால் இன்றும் தப்பியே இருந்திருக்கும்.

‘பத்து விண்மீன்தானே’ என்பார்க்கு அதே மலையின் இன்னொரு செய்தியைச் சொல்வோம். 1987 பெப்ரவரி 24 அன்று அங்கே இயன் ஷெல்டன் ஒளிப்படத் தகட்டிலும், ஆஸ்கார் துஹால்தே வெறுங்கண்ணாலும் ஒரு விண்மீனின் சாவைக் கண்டனர். வெடித்தது எது? நிக்கோலஸ் சாண்டுலீக் 1970இல் வெளியிட்ட பட்டியலில், எவரும் பொருட்படுத்தாத -69° 202 என்னும் வரி! அது நீலநிறத்தது. நிறைமிகு விண்மீன் சிவந்த பின்னரே வெடிக்கும் என்று கற்பித்துவந்த பாடம் அன்றே திருத்தத்துக்குள்ளாயிற்று. பங்கின் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. எழுதிய நாளில் எவரும் படிக்காத வரியைத் தேடித்தான் பேரப்பிள்ளைகள் வந்து நிற்கின்றனர்.

இன்று அம்மலையில் 25 மீட்டர் அகலப் பெருந்தொலைநோக்கி எழும்பி வருகிறது. எழும்பட்டும், நாம் தடை சொல்லவில்லை. ஆனால் அதனை வானத்தின் எந்தப் புள்ளியை நோக்கித் திருப்புவது என்று யார் சொல்லப்போகிறார்கள்? சிறிய தொலைநோக்கிகளின் இரவுகளைக் குறைக்கத் துடிப்போர் முதலில் இதற்கு விடை கூறட்டும்.