அடைமொழியும் அதன் அளவும்

ஒருவர் பெயரோடு சேர்த்துச் சொல்லும் மதிப்புச்சொல் வெறும் அணியன்று. அஃது ஒரு தீர்ப்பு. தீர்ப்பைப் பிழைபடக் கூறலாகாது. கல்முனைக் கரையில் வாழ்வார்க்கு இவ்வுண்மை எளிதிற் புலப்படும். இங்குக் கடற்கரைப் பள்ளிவாசலில் சாகுல் ஹமீது நாயகத்தின் பெயராற் கொடியேறுகின்றது. கத்தோலிக்கர் தம் புனிதர்க்கு விழா எடுக்கின்றனர். அயலூராகிய காரைதீவோ விபுலாநந்த அடிகளைத் தந்தது. நாயகம், புனிதர், அடிகள் என்னும் மூன்றும் மாணவர் செவியில் ஒருங்கே விழுகின்றன. ஆயின், அவற்றின் வேறுபாட்டை எடுத்துரைப்பார் அரியர். ‘புனிதர்’ என்னும் சொல்லோ எவர்க்கும் எளிதில் ஈயப்படுகின்றது.

கத்தோலிக்கத் திருச்சபையில் அச்சொல்லுக்கு முன்னே மூன்று படிகள் உள. ஒருவரது வாழ்வை ஆராயத் தொடங்கும்போது அவர் ‘இறையூழியர்’. அவர்தம் அறவாழ்வு வீறுடையதெனத் துணிந்தபின் ‘வணக்கத்துக்குரியவர்’. அவரது வேண்டுதலால் ஒரு புதுமை நிகழ்ந்ததென ஏற்றபின் ‘முத்திப்பேறு பெற்றவர்’. மற்றுமொரு புதுமைக்குப் பின்னரே ‘புனிதர்’. மறைசாட்சியாக இறந்தார்க்கு முதற்புதுமை வேண்டப்படுவதில்லை.

இதற்கு நம் நாட்டுச் சான்று யோசேவாஸ் அடிகள். 1651இல் பிறந்த அவர், ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தை ஒடுக்கிய காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து இரவலர் கோலத்தில் இலங்கை வந்தார். 1711இல் கண்டியில் உயிர்நீத்தார். பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 1995 ஜனவரி 21ஆம் நாள் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் அவரைப் புனிதர் என அறிவித்தார். இடைப்பட்ட 20 ஆண்டுகளில் அவரைப் புனிதர் என்றெழுதுவது அன்பின் மிகையாகலாம், உண்மையாகாது. திருச்சபையே பொறுத்திருந்த சொல்லுக்கு நாம் விரைதல் முறையோ?

சொற்களையும் சிறிது நோக்குவோம். முன்னையோர் ‘அர்ச்சியசிட்டர்’ என்றனர், ‘அர்ச்.’ என்று சுருக்கியும் எழுதினர். அச்சொல்லில் அருச்சனையின் சாயல் உண்டு. ஆராதனை இறைவனுக்கே உரியது, அடியார்க்கு உரியது வணக்கமே என்பது கத்தோலிக்கர் கொள்கை. ஆதலின் ‘புனிதர்’ என்னும் சொல்லே பொருத்தமுடைத்து. அதுவும் வடசொல்லே, எனினும் ஐயத்துக்கு இடந்தராத சொல். ‘வணக்கத்துக்குரிய’ என்பதிலோ இடர்ப்பாடு உண்டு. குருமார்க்கும் பௌத்த தேரர்க்கும் அதனையே வழங்குகின்றோம். ஆகவே, படியைக் குறிக்குமிடத்து அதனை விளக்கி எழுதுதல் கடன்.

முஸ்லிம் மாணவர்க்கு இவ்வரிசைமுறை புதிதன்று. நபிகள் நாயகத்துக்கு ‘ஸல்’, ஏனைய நபிமார்க்கு ‘அலை’, தோழர்க்கு ‘ரலி’, பின்வந்த பெரியார்க்கு ‘ரஹ்’ என அவர்தம் மரபும் அளந்தே வழங்குகின்றது. ஈசா நபியின் அன்னை மர்யமுக்கும் ‘அலை’ என்றே எழுதுவர். அவ்வன்னையையே கத்தோலிக்கர் தேவமாதா என்பர். கல்முனைக் கார்மேல் பாத்திமாக் கல்லூரியின் பெயரிலுள்ள பாத்திமா, அத்தேவமாதா காட்சி தந்ததாகக் கத்தோலிக்கர் நம்பும் போர்த்துக்கேய ஊர். ஊர்ப்பெயரோ அரபுப் பெயர். ‘ஆண்டகை’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லை முஹ்யித்தீன் ஆண்டகைக்கு இவர்கள் வழங்க, தம் ஆயர்க்கு அவர்கள் வழங்குகின்றனர். சொல் பொது, அது தாங்கும் பொருள் வேறு.

இவ்வாராய்ச்சி புலவர் பொழுதுபோக்கன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, வழிபட வந்தோர் தேவாலயங்களிற் கொல்லப்பட்டனர். ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதிலும் வெடியோசை எழுந்தது. அயலாரை அயலார் அஞ்சிய நாள்கள் அவை. அன்று இறந்த கத்தோலிக்கர் 167 பேரின் பெயர்களை 2025இல் வத்திக்கான் ‘விசுவாசத்தின் சாட்சிகள்’ என்னும் பட்டியலிற் சேர்த்தது. அது புனிதர் பட்டமன்று. அதனாற் சிறிய மதிப்பும் அன்று. ‘மறைசாட்சி’ என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருள் சாட்சி. ‘ஷஹீத்’ என்னும் அரபுச் சொல்லின் வேரிலும் அப்பொருளே உளது. வழிபடுவோரைக் கொல்பவன் இவ்விரு சொற்களுள் எதற்கும் உரியனாகான்.

ஆதலின் ஆசிரியர்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. பிற சமயப் பெரியாரைக் குறிக்கும்போது அச்சமயத்தார் வழங்கும் சொல்லை, அவர் வழங்கும் அளவில் வழங்குமாறு மாணவர்க்குக் கற்பியுங்கள். மிகைபடச் சொல்லுதலும் குறைபடச் சொல்லுதலும் அறியாமையே. அயலவன் போற்றும் பெயரைப் பிழையறச் சொல்லுதல், அவனுக்கு நாம் செய்யும் முதன் மரியாதை.