படம் காட்டாத பெட்டியும் பழி சுமக்கும் பிள்ளையும்



காரைக்குடியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட மடல் வரைந்துள்ளார். பெயரை வெளியிட வேண்டாம் என்பது அவர் விருப்பம். கணவர் சபரில் இருக்கிறார். மகன் இவ்வாண்டுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். படத்தொகுப்பும் முப்பரிமாண வரைகலையும் கற்க வேண்டுமென அவன் கேட்டதற்கிணங்க, அத்தா பணம் அனுப்பினார். பிள்ளை பல்லவன் விரைவு வண்டியேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், உதிரிப் பாகங்களைத் தனித்தனியே வாங்கி வந்து, வீட்டிலேயே கணிப்பொறியைப் பொருத்தி முடித்தான். இரண்டு நாள்கள் பெரிது பெரிதான எழுத்துகளோடு திரை வேலை செய்தது. மூன்றாம் நாள் இணையத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டபோது பாதியில் திரை இருண்டது. அன்று முதல், பெட்டியை இயக்கினால் மதர்போர்டு நிறுவனத்தின் சின்னம் தெரிகிறது, பின்னர் ஒரு வட்டம் சுழல்கிறது, அதன்பின் இருள்.

கடைக்காரரைக் கேட்டால், "டிரைவர் பிராப்ளம், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார். குடும்பத்துப் பெரியவர்களோ, "வெயிலில் நின்று சம்பாதித்த காசைப் பையன் கரியாக்கிவிட்டான்" என்று நாள்தோறும் குத்திக் காட்டுகிறார்கள். பிள்ளை சாப்பாட்டுக்குக் கூட வெளியே வருவதில்லையாம். "அவன் உண்மையிலேயே கெடுத்துவிட்டானா?" என்பது சகோதரியின் கேள்வி.

அவர் எழுதிய மடலிலேயே விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. சின்னம் தெரிகிறது என்கிறாரல்லவா? அந்தச் சின்னத்தை விண்டோஸ் வரைவதில்லை. மதர்போர்டில் பதிந்துள்ள அடிப்படை நிரல், எந்த டிரைவரின் உதவியுமின்றி, கிராஃபிக்ஸ் கார்டின் வழியாக வரைவது அது. எனவே கார்டுக்கு உயிர் இருக்கிறது, மின்சாரம் வருகிறது, கேபிளும் சரியான இடத்தில்தான் செருகப்பட்டிருக்கிறது. விண்டோஸ் வந்து டிரைவரை எழுப்பும் கணத்தில்தான் திரை அணைகிறது. பொருள் எரிந்துபோனதற்கான அறிகுறி இதில் எதுவுமில்லை.

டிரைவர் என்றவுடன் வண்டி ஓட்டுபவர் நினைவுக்கு வருகிறார். எனக்கென்னவோ, கும்பினியார் காலத்துத் துபாஷி என்னும் சொல்லே இதற்குப் பொருத்தமாகப் படுகிறது. வெள்ளைக்காரத் துரைக்கு ஊர்ப் பேச்சு தெரியாது. ஊர் வணிகருக்குத் துரையின் மொழி தெரியாது. நடுவில் நின்று இரண்டையும் அறிந்தவர் துபாஷி. விண்டோஸ் துரை என்றால் கார்டு வணிகர். ஒவ்வொரு நிறுவனத்தின் கார்டும் ஒவ்வொரு மொழி பேசும். ஒரே நிறுவனத்தின் பழைய கார்டும் புதிய கார்டும்கூட வெவ்வேறு வட்டார வழக்கு. துபாஷி இல்லாதபோது விண்டோஸ் தன்னிடமுள்ள பொதுவான ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு சைகையாலே சமாளிக்கும். முதல் இரண்டு நாள்கள் எழுத்துகள் பெரிதாகத் தெரிந்ததன் காரணம் அதுவே.

பிறகு நடந்தது என்ன? புதிய விண்டோஸ் இணையத்தோடு இணைந்தவுடன், யாரையும் கேட்காமல், தானே ஒரு டிரைவரைத் தேடி இறக்கத் தொடங்கும். பையனும் அதே வேளையில் வேறொரு பதிப்பை இறக்கிப் போட்டிருப்பான். ஒரே சபையில் இரண்டு துபாஷிகள் ஒருசேரப் பேசத் தொடங்கிவிட்டார்கள்! புதிதாகப் பொருத்தும் கணிப்பொறிகளில் அடிக்கடி நேர்வது இது. பையன் விதிமீறி எதையும் செய்யவில்லை என்பதைப் பெரியவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

டிரைவர் என்பது இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே அமர்ந்து பணிபுரிவது. மற்ற நிரல்கள் தடுக்கி விழுந்தால் அவை மட்டுமே விழும். இது விழுந்தால் வீடே விழும். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்கள் தடுமாறியதை மறந்திருக்க மாட்டீர்கள். நம் நாட்டிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய நுழைவுச் சீட்டு வழங்கினார்கள். கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவருக்கு வந்த பிழையான ஒரு கோப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை நீலத்திரையில் நிறுத்திவிட்டது. அதற்கு உரிய மருந்து யாதெனில், 'சேஃப் மோடு' எனப்படும் பாதுகாப்பு நிலைக்குள் புகுந்து அந்தக் கோப்பை அகற்றுவதே. நம் பிள்ளைக்கும் அதே மருந்துதான். டிரைவர்கள் எழாத அந்த நிலையில் படம் தெளிவாகத் தெரிந்துவிட்டால் குற்றம் பெரும்பாலும் டிரைவருடையது. அங்கும் புள்ளிகளும் கோடுகளும் சிதறித் தெரிந்தால் மட்டுமே கார்டின்மீது ஐயம் கொள்ளலாம்.

திரை இருண்டிருக்கும்போது அங்கே செல்வது எவ்வாறு? விண்டோஸ் எழும் நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தால், அடுத்த முறை அதுவே பழுதுபார்க்கும் நீலப் பக்கத்தைக் காட்டும். அதில் 'டிரபிள்ஷூட்', பின்னர் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', பின்னர் 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', பின்னர் 'ரீஸ்டார்ட்'. மீண்டும் எழுந்து பட்டியல் காட்டியதும் 4ஆம் எண்ணை அழுத்தவும். இங்கே ஓர் எச்சரிக்கை: புதிய விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவர்களின் வட்டைத் தானே பூட்டியிருக்கக் கூடும். அப்படியானால் 48 இலக்கத் திறவு எண் ஒன்றைக் கேட்கும். கைப்பேசியில் அதே கணக்கில் நுழைந்தால் அந்த எண் கிடைக்கும். பதற வேண்டா.

இந்த வேலையைத் தொடங்குமுன் வேறொரு கணிப்பொறியில் இரண்டு பொருள்களை இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, கார்டுக்குரிய டிரைவர். அதை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகிய உற்பத்தியாளர்களின் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் விளம்பரங்களையும், 'எல்லா டிரைவர்களையும் நாங்களே புதுப்பித்துத் தருவோம்' என்று கூவுகின்ற நிரல்களையும் தொடாதீர்கள்; அவற்றுள் பல வைரஸ் விற்கும் கடைகள். மற்றொன்று, 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்னும் இலவச நிரல். சுருக்கமாக டிடியு என்பர். பழைய டிரைவரின் வேர், விழுது அனைத்தையும் இது பெயர்த்தெடுத்துவிடும்.

இனி இணையக் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் விண்டோஸ் மறுபடியும் தன் துபாஷியை அழைத்து வந்துவிடும். சேஃப் மோடில் டிடியுவை இயக்கித் துப்புரவு செய்து, மீண்டும் தொடங்கினால், பழைய பெரிய எழுத்துகள் திரும்பி வரும். அப்போது பென் டிரைவிலுள்ள டிரைவரைப் போட்டு, முடிந்ததும் மீண்டும் ஒருமுறை தொடங்கி, அதன் பின்னரே இணையத்தை இணைக்க வேண்டும். சகோதரியின் வீட்டில் இந்த அரை மணி நேர வேலையோடு வெளிச்சம் வந்துவிடும் என்பதே என் கணிப்பு.

வராவிட்டால்? டிரைவரே பிழையாகப் பிறந்திருக்கவும் கூடும். புதியது எல்லாம் நல்லது என்பது இத்துறையில் செல்லாது. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்ற பதிப்பு, கார்டின் மின்விசிறியைச் சரிவரச் சுழலவிடாமல் சூடேற்றியதால் திரும்பப் பெறப்பட்டது. 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது நிகழ்ந்தது இன்னும் பெரிய கூத்து. அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் 2008ஆம் ஆண்டு வெளியான மைக்ரோசாஃப்ட் ஆவணங்களின்படி, பதிவான முடக்கங்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டுக்கு என்விடியாவின் டிரைவர்களே காரணம். மைக்ரோசாஃப்டின் சொந்தப் பங்கு 18 விழுக்காட்டளவு. அண்மையில், 2025 தொடக்கத்தில், ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு வாங்கியவர் பலருக்குத் திரை கறுத்தது. நிறுவனமே ஒப்புக்கொண்டு திருத்தப் பதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டது. உலகின் பெருநிறுவனத்துப் பொறியாளர்களே இடறும் இடத்தில் நம் வீட்டுப் பிள்ளை இடறினான் என்று ஏசுவது நியாயமா? புதிய பதிப்பு ஒத்துவராவிடில் சில மாதங்களுக்கு முந்தைய பதிப்பைப் போட்டுப் பாருங்கள். அவற்றையும் அதே தளத்தில் வைத்திருக்கிறார்கள்.

கார்டின் பெயரை விண்டோஸ் அறிந்துகொண்டதா என்பதை 'டிவைஸ் மேனேஜர்' பக்கத்தில் காணலாம். மஞ்சள் முக்கோணமும் 43 என்னும் எண்ணும் தோன்றினால், கார்டு தனக்கு நோவு உள்ளதாக விண்டோஸிடம் கூறிவிட்டது என்று பொருள். துப்புரவு செய்த பின்னும் 43 போகவில்லையாயின், கார்டைக் கழற்றித் துடைத்து, தாழ்ப்பாள் 'டக்' என விழும்வரை மீண்டும் அழுத்திப் பொருத்த வேண்டும். நண்பர் ஒருவரின் கணிப்பொறியில் அதைப் பொருத்திப் பார்ப்பது எல்லாவற்றிலும் சிறந்த சோதனை. அங்கும் 43 என்றால் கார்டு கடைக்குத் திரும்ப வேண்டியதே.

வேறு சிலருக்கு நோய் வேறு விதமாக இருக்கும். சாதாரண வேலையில் எல்லாம் நலம். கனமான படத்தைத் தொகுக்கும்போதோ விளையாடும்போதோ திரை ஒரு கணம் கறுத்து மீளும், அல்லது பெட்டியே அணைந்து எழும். கறுத்து மீள்வதற்குக் காரணம் விண்டோஸின் ஒரு விதி. கார்டு 2 விநாடிகளுக்கு மேல் மறுமொழி தராவிட்டால், விண்டோஸ் டிரைவரை உலுக்கி எழுப்பும். இந்நிலையில் டிரைவரை மாற்றி மாற்றிப் போடுவோர் உண்டு. மாற்ற வேண்டியது பல நேரங்களில் எஸ்எம்பிஎஸ். கார்டில் ஐம்பதாயிரம் செலவழித்துவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பது நம்மவர் வழக்கம். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றே 170 வாட் வரை இழுக்கும். அதற்கு 550 வாட் தரமான எஸ்எம்பிஎஸ் வேண்டுமென்று உற்பத்தியாளரே எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ், 360 வாட் அளவே தாங்கும் என்பதையும் கணக்கில் கொள்க. பழைய வீடுகள் பலவற்றில் மூன்றாவது துளைக்கு எர்த் கம்பியே கிடையாது. இரண்டாங்கட்டில் கணிப்பொறியை வைக்குமுன் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சோதிப்பது நலம்.

படமே ஒருபோதும் வராத புதுப்பெட்டிகளைப் பற்றி ஒரு சொல். மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகிவிட்டு டிரைவரைப் பழிப்பவர் ஏராளம். அதைக் கார்டின் துளையில் செருக வேண்டும். பெயரின் முடிவில் 'எஃப்' என்னும் எழுத்துள்ள இன்டெல் செயலிகளுக்குப் படம் காட்டும் திறனே கிடையாது என்பதால், மதர்போர்டுத் துளையில் எத்தனை நாள் காத்திருந்தாலும் ஒன்றும் தோன்றாது.

பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோர் சற்று நிதானிக்க வேண்டும். பழைய கார்டின் அடையாள எண்ணைத் திருத்தி, பிற்காலத்துக் கார்டென்று பெயர் மாற்றி விற்கும் மோசடி நெடுநாளாகவே நடைபெறுகிறது. டிரைவர் அந்த எண்ணை நம்பி ஒரு மொழியில் பேசும், கார்டுக்கோ வேறு மொழிதான் தெரியும், கணிப்பொறி திணறும். 'ஜிபியு-இசட்' என்னும் இலவச நிரல் இத்தகைய போலிகள் பலவற்றைக் காட்டிக் கொடுத்துவிடும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்தைக் கார்டுகளால் தோண்டுவது நின்றபின், இரவும் பகலும் உழைத்துத் தேய்ந்த கார்டுகளும் சந்தைக்கு வந்தன. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதிய மேம்பாட்டு டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிவுற்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே 2028 வரை வரும்.

நம் குடும்பங்களுக்கே உரிய மற்றொரு சங்கதி. துபாயில் விலை குறைவு என்று கேட்டு, ஊருக்கு வரும் மாமாவின் பெட்டியில் கார்டைக் கொண்டு வரச் செய்கிறோம். கார்டுகளுக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு வாரண்டி உண்டு. ஆனால் பல நிறுவனங்கள் அதை வாங்கிய நாட்டிலேயே தருகின்றன. ஆறாம் மாதம் பழுதானால், மீண்டும் யாரேனும் சபர் புறப்படும் வரை காத்திருக்க வேண்டும். வாங்குமுன் அந்நிறுவனம் இந்தியாவில் அந்த வாரண்டியை ஏற்குமா எனக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறுதியாக, கடைக்காரரின் கைவிரிப்புக்கு வருவோம். நண்பரின் கணிப்பொறியிலும் கார்டு தோற்றுவிட்டால், அது டிரைவர் பிராப்ளம் அன்று, பொருளின் குறை. பில்லையும் அட்டைப் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். கார்டில் ஒட்டியுள்ள வரிசை எண் தாளைக் கிழிக்காதீர்கள். சோதனையைக் கைப்பேசியில் படம் பிடித்து, கடைக்கும் உற்பத்தியாளரின் சேவை மையத்துக்கும் எழுத்து மூலம் அனுப்புங்கள். அப்போதும் அசையாவிடில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதற்கும் மேலாயின், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கிட அனுமதிக்கிறது. ஆகவே பொருளைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், இச்சகோதரி சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். செலுத்திய விலை 5 லட்சத்தைத் தாண்டாத வரை மனுவுக்குக் கட்டணம் ஏதும் கிடையாது.