இருவர் சுமை ஒருவர் தோளில்

தவறு நேர்ந்ததும் கடைநிலைப் பணியாளரைச் சுட்டிக்காட்டிக் கை கழுவும் நிருவாகத்தார்க்கு ஒன்று சொல்வேன். 2002 சூலை 1ஆம் நாள் இரவு, செருமனியின் யூபர்லிங்கன் நகர்மீது இரு விமானங்கள் மோதின; பள்ளிப் பிள்ளைகள் பலர் உட்பட 71 பேர் மாண்டனர். சூரிக் நிலையத்தில், உடன்பணியாளர் ஓய்விலிருக்க, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஒருவரே இரண்டு திரைகளையும் கண்காணித்தார். முதன்மைத் தொலைபேசியும் பராமரிப்புப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அவர் ஆணை பிந்தியது உண்மையே. ஆயின், இரவில் ஒருவர் போதுமென்ற வழக்கத்தைப் பல்லாண்டு பொறுத்திருந்தது யார்? மேலிடமன்றோ! 2007இல் சுவிட்சர்லாந்து நீதிமன்றம் மேலாளர் நால்வரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது.

இரு வகுப்புகளை ஒருங்கே நடத்திய ஆசிரியர் இதனை நன்குணர்வார்: கண் இரண்டாயினும் கவனம் ஒன்றே. இருவர் சுமையை ஒருவர் தோளில் ஏற்றிவிட்டு, அவர் இடறியபின் அவரை மட்டும் பழிப்பது அறமாகாது.