எங்கிருந்து அளப்பது உயரம்?

திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர் நாம். விடுமுறை வந்தால் 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பொன்முடிக்கு ஏறுகிறோம். அங்கே நண்பர் ஒருவர் தம் ட்ரோனை 40 மீட்டர் உயர்த்திப் பள்ளத்தாக்கின்மேல் செலுத்தினார். "சட்டம் தருவது 120 மீட்டர் அன்றோ? கவலை ஏன்?" என்றார். இயற்பியல் படிக்கும் நானும் தலையாட்டினேன். அதை எண்ணி இன்று வெட்கப்படுகிறேன்.

2021-ஆம் ஆண்டின் இந்திய ட்ரோன் விதிகள், பச்சை மண்டலத்தில் 120 மீட்டர், அதாவது 400 அடி வரை பறக்கவிட இடந்தருகின்றன. அந்த உயரம் கீழேயுள்ள நிலத்திலிருந்து கொள்ளவேண்டியது. கைக்கருவி காட்டுவதோ புறப்பட்ட இடத்திலிருந்து உயரம். சமவெளியில் இரண்டும் ஒன்றே. மலைவிளிம்பைத் தாண்டியதும் நிலம் 200 மீட்டர் சரிந்தால், 40 என்பது 240 ஆகிவிடுகிறது!

"சிறு பொம்மைக்கு இத்தனை கட்டுப்பாடா?" என்பீர்கள். பொம்மை சிறிதுதான். ஆனால், மூடுபனியில் தாழ்ந்து வரும் ஹெலிகாப்டரின் விசிறியில் அது மோதினால் விளைவு சிறிதாகுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, மிக அண்மையிலுள்ள நிலப்பரப்பிலிருந்து 120 மீட்டர் என்று மலைநாட்டாருக்கும் விளங்கச் சொல்கிறது. நம் விதியும் அவ்வாறு விளக்கினால் என்ன? மலைகள் நமக்கும் உண்டே!

அதுவரை நாமே கணக்கிடுவோம். வனத்துறையின் இசைவை முதலில் கேட்போம். நிலம் சரியும் இடத்தில் ட்ரோனையும் தாழ்த்துவோம். 120 என்ற எண்ணை மனப்பாடம் செய்தால் போதாது. எங்கிருந்து 120 என்று கேட்கப் பழகுவோம்!