விலை பேசுதல் குறித்துக் கொடிகாமம் சந்தைச் சிறு வியாபாரிகளின் நிலைப்பாடு

கண்டி வீதியோரமாய், தென்மராட்சியின் பலாவும் மாவும் தேங்காயும் வந்து குவிகின்ற கொடிகாமம் சந்தையிலே, கடை வைத்தும் நிலத்தில் சாக்கு விரித்தும் சீவனம் நடத்துகின்ற நாங்கள், விலை பேசும் வழக்கத்தைப் பற்றிய எங்கள் அபிப்பிராயத்தைப் பொதுஜனங்களின் முன் வைப்பது அவசியமென்று கருதுகிறோம்.

அவ்வழக்கம் முற்றாக ஒழியவேண்டுமென்று நாங்கள் கேட்கவில்லை. பலாப்பழத்தின் உள்ளிருக்கும் சுளைகளின் குணம் வெட்டும் வரைக்கும் விற்பவருக்கே நிச்சயமாகத் தெரியாது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் காலையில் ஒரு விலையும் மாலையில் வேறு விலையும் பெறுவது இயல்பு. இத்தகைய பொருள்களுக்கு, குவியலின் முன் நின்று இரு பக்கத்தாரும் பேசித் தீர்க்கின்ற கிரயமே நியாயமானது. நாங்கள் ஆட்சேபிப்பது, சிறு முதலோடு கடை நடத்துபவரிடமும் கூறு வைத்து விற்கும் ஆச்சியிடமும், அடக்க விலையை அண்டிச் சொன்ன விலையைக்கூட, "குறைச்சுத் தாங்கோ, இல்லாட்டி வேண்டாம்" என்று அடித்துப் பேசுவதையே.

உதாரணமாக, 120 ரூபாவுக்கு வாங்கிய தேங்காயை 130 ரூபாவுக்கு விற்பவரிடம் 5 ரூபா குறைப்பிக்கிறவருக்கு மிஞ்சுவது நூற்றுக்கு நான்கு வீதமும் இல்லை. விற்பவரோ தம் லாபத்தில் சரிபாதியை இழக்கிறார். எஞ்சிய பாதியிலிருந்துதான் சந்தை வரியும், ஓட்டோக் கூலியும், வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் நுண்நிதிக் கடனின் தவணையும் போகவேண்டும். 2000ஆம் ஆண்டுப் போரில் இருந்ததை விட்டோடி, திரும்பி வந்து வெறுங்கையுடன் தொடங்கியவர்களும், உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்ட 2022 செப்டெம்பரில் கடன் கொப்பியை மூடாமல் அயலவருக்கு அரிசி கொடுத்தவர்களும் எங்களுள் இருக்கிறார்கள்.

இன்னொரு தீமை வெளியே தெரிவதில்லை. குறைத்துக் கேட்பார்களென்ற அச்சத்தால் விலையைக் கூட்டிச் சொல்லுகிற வழக்கம் வேரூன்றிவிட்டால், பேச வல்லவர் தப்பிக்கொள்ள, கூச்சமுள்ளவரும் நோயாளியும் கடைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையுமே அந்தக் கூடுதலைச் செலுத்துகிறார்கள். கடைக்காரர் இழந்ததோ மறுநாள் விடியற்காலையில் தோட்டக்காரரின் தலையில் விழுகிறது. யாழ்ப்பாணச் சந்தைகளில் விவசாயி கொண்டுவரும் பொருளின் நிறையில் பத்து வீதத்தைக் கழிவென்று நீக்கிவிட்டு மீதிக்கே பணம் கொடுக்கும் சம்பிரதாயத்தை அநீதியென்று கண்டிக்காமல், விலையில் மாத்திரம் எங்களுக்கு நியாயம் கேட்க எங்களுக்கு வாயில்லை.

இத்தீமைகளுக்கு மாற்று, விலையை எழுதி வைப்பதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே, பாரிஸ் நகரத்துப் பொன் மார்ஷே அங்காடியில் அரிஸ்தீத் பூசிக்கோ ஒவ்வொரு பொருளிலும் விலையை எழுதி வைத்து ஜனங்களின் நம்பிக்கையைச் சம்பாதித்தார். பெரிய அங்காடிகளின் பலமாகிவிட்ட அந்த முறை சிறு கடைக்கும் கைகூடாததன்று. விலையைக் காட்சிப்படுத்துவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி எங்கள் கடமையுமாகும்.

ஆகவே, அரிசி, பருப்பு, தேங்காய், மரக்கறி ஆகியவற்றின் அன்றைய விலையை ஒவ்வொரு கடையிலும் பலகையில் எழுதி வைப்போம். எழுதிய விலையைக் கேட்பவரின் முகம் பார்த்து மாற்றமாட்டோம். தோட்டக்காரரிடம் நிறுத்த நிறைக்கே பணம் கொடுப்போம். வாங்க வருகிறவர்கள் அந்தப் பலகை விலையை அப்படியே ஏற்றுக்கொள்ளவேண்டுமென்றும், பழங்களுக்கும், அந்தியில் வாடி மிஞ்சிய மரக்கறிக்கும் தாராளமாக விலை பேசலாமென்றும், சாவகச்சேரிப் பிரதேச சபை கழிவெடுப்பதைச் சந்தைக் குத்தகை நிபந்தனைகளிலேயே தடைசெய்யவேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறோம்.